ரன் என்னும் சிறுசொல்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒரே ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்தார். அந்தச் சொல் 'ரன்'. பள்ளியில் 'ஓடு' என்று நாம் பொருள் எழுதிப் பழகிய மூன்றெழுத்து வினைச்சொல். 2011இல் வேலை முடிந்தபோது அதன் பொருள்கள் 645 என்று கணக்கு வந்தது.

அந்த ஒன்பது மாதத்தைப் பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதர் காலையில் வந்து அமர்கிறார். எதிரே, ஆயிரம் ஆண்டுகளாக ஆங்கிலம் எழுதியவர்கள் விட்டுச்சென்ற வாக்கியங்கள். எல்லாவற்றிலும் இந்தச் சொல் இருக்கிறது. இந்த வாக்கியத்தில் உள்ள பொருளும் அந்த வாக்கியத்தில் உள்ள பொருளும் ஒன்றா? சற்று விலகுகிறதா? விலகினால், தனி எண் கொடுக்கும் அளவுக்கு விலகுகிறதா? மாலையில் எழுந்து வீட்டுக்குப் போகிறார். மறுநாளும் அதே சொல். ஜபத்தில் இருப்பவர்களிடம்தான் இப்படி ஒரு பொறுமையைக் கண்டிருக்கிறேன்.

அந்த அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்த சொல் 'செட்', 430 பொருள்கள். அடுத்த பதிப்புக்கான திருத்தத்தில் 2000இல் 'மேக்' அதைத் தாண்டியது, 2007இல் 'புட்', பிறகு 'ரன்'. எல்லாமே ஓரசைச் சொற்கள். நடக்கப் பழகும் குழந்தையின் வாயிலேயே வந்துவிடுபவை. ஒளிச்சேர்க்கையைக் குறிக்க அறிஞர்கள் உருவாக்கிய நீண்ட ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். யாரும் அதைச் சந்தைக்கோ சமையற்கட்டுக்கோ கொண்டுபோவதில்லை. கைக்கு எட்டும் சொல்லைத்தான் மனிதர்கள் எல்லா வேலைக்கும் எடுக்கிறார்கள்.

*

இன்றைய 'ரன்' பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகளாக இருந்தது. ஒன்று 'ரின்னன்', 'இர்னன்' என்று இருவகையாகவும் வழங்கியது. தானே ஓடுவது, பாய்வது என்று பொருள். மற்றொன்று 'ஏர்னன்', குதிரையை விரட்டி ஓட்டுவது. ஒன்று தன்வினை, மற்றொன்று அதன் பிறவினை. நாளடைவில் ஒலிகள் நெருங்கி, வடநாட்டுக் கடலோடிகளின் நார்ஸ் மொழியும் நடுவில் கலந்து, இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன. அதனால் ஆங்கிலத்தில் நாய் ஓடினாலும் 'ரன்'தான், ஒருவர் ஹோட்டலை நடத்தினாலும் 'ரன்'தான்.

தமிழில் ஓடுகிறவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவே ஒரு 'ட்' நிற்கிறது. ஆடு, ஆட்டு, ஓடு, ஓட்டு. யார் காலில் ஓட்டம் நடக்கிறது, யார் கையில் கடிவாளம் இருக்கிறது என்பதை அந்த ஒற்றெழுத்து சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இது வாக்கியத்தின் அமைப்பிலிருந்து தெரியவேண்டும். பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போகும் இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

*

கால்களால் ஓடுவது முதலில் வந்தது, தண்ணீர் ஓடுவது உவமையாகப் பின்னால் வந்தது என்றுதான் நினைத்திருந்தோம் பலரும். பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் நீருக்கும் உரியதாக இருந்தது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான 'ரின்னன்' இன்றும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. மனிதன் ஓடுவதற்கு அங்கே 'ரென்னன்' என்று வேறு சொல்.

நீரிலிருந்து தொடங்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான பொருள்கள் சிக்கலில்லாமல் பிரிந்து வருகின்றன. ஆறு ஓடுகிறது. குழாயைத் திறந்துவிடுவதும் 'ரன்'. சளி பிடித்த மூக்கு 'ரன்' ஆகிறது. உருகும் மெழுகு, துவைக்கும்போது சாயம் மற்ற துணியில் இறங்குவது, புண்ணில் வடியும் சீழ், கன்னத்தில் இறங்கும் கண்ணீர், முதுகுத்தண்டில் பாயும் சிலிர்ப்பு எல்லாம் அதில் சேர்ந்தவை. ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வரும் நோய்க்கோ குணத்துக்கோ இதே சொல்லைச் சொல்கிறார்கள். தாத்தாவிடமிருந்து பேத்திக்கு ரத்தத்தில் ஏதோ ஓடி வந்து சேர்ந்ததாக ஒரு பழைய எண்ணம் அதற்குள் இருக்கிறது.

சீஸ் செய்வதற்காகப் பாலை உறைய வைக்கும் பொருளுக்கு 'ரெனெட்' என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததாகவே சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுகிறார்கள். திரவத்தில் சிதறிக் கிடந்தவை ஓடிவந்து ஒன்றுகூடுவதால் பால் கெட்டியாகிறது. ஓட்டத்தைச் சொல்லும் வேரிலிருந்து உறைதலைச் சொல்லும் சொல் பிறந்திருக்கிறது. முரண்போலத் தெரிகிறது. பால் உறைவதை அருகிலிருந்து பார்த்த எவருக்கும் முரணாகப் படாது.

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். நாம் ஓடுவதை ஓடை என்பதைப்போல. வர்ஜீனியாவில் 'புல் ரன்' என்ற ஓடை இருக்கிறது. 1861 ஜூலை 21 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை அதன் கரையில் நடந்தது. வாஷிங்டனிலிருந்து சிலர் குதிரை வண்டிகளில் சாப்பாட்டுக் கூடைகளோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாலைக்குள் வடக்குப் படை சிதறி, படைவீரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஒரே சாலையில் கலந்து தலைநகரை நோக்கி ஓடினார்கள். தெற்குப் படையில் அன்று அசையாமல் நின்ற தாமஸ் ஜாக்சனுக்குக் கல்மதில் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கில் அந்தப் போருக்கு ஓடையின் பெயரை வைத்தார்கள். தெற்கில் பக்கத்திலிருந்த ரயில் சந்திப்பின் பெயரால் மனாசஸ் என்றார்கள்.

*

தண்ணீர் ஓடுகிறது. அதனால் சக்கரம் ஓடுகிறது. சக்கரம் ஓடுவதால் ஆலை ஓடுகிறது. ஆலையை ஒருவர் 'ரன்' செய்கிறார்.

இந்த நான்கு வாக்கியங்களைக் கடக்க ஆங்கிலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. இயந்திரங்களுக்கு இந்தச் சொல்லை 16ஆம் நூற்றாண்டிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தொழிலை, ஒரு கடையை நிர்வகிப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பரவியது. நடுவே நடந்தது தொழிற்புரட்சி. அந்தக் காலத்தில்தான் 'ரன்' பெருகிப் படர்ந்தது. தேய்ந்தும் நகர்ந்தும் சுழன்றும் நிற்காமல் வேலை செய்யும் பொருள்கள் உலகத்தில் திடீரென்று கூடிப்போயின. ஒவ்வொன்றின் இயக்கத்துக்கும் புதுச்சொல் செய்ய யாருக்கும் நேரமில்லை. பழைய சொல் பக்கத்திலேயே இருந்தது.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் குரோம்ஃபோர்டு என்ற ஊர். 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் அங்கே தண்ணீரின் விசையில் இயங்கும் பருத்தி நூற்பாலையைத் தொடங்கினார். ஓடை நீரும், ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த நீரும் சக்கரத்தைச் சுழற்றின. சுரங்க நீர் வெதுவெதுப்பானது என்பதால் குளிர்காலத்திலும் உறையவில்லை. ஓடை இரவில் உறங்குவதில்லை. ஆகவே ஆலையும் உறங்கவில்லை. இரவும் பகலும் மாறிமாறி ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அறுந்த இழையை ஒட்ட, நூற்கண்டு மாற்ற, இயந்திரத்தடியில் சேர்ந்த பஞ்சை அள்ள அவர்கள் ஆலைக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் சொன்ன இடம் இதுதான். 'ஆர்க்ரைட் ஆலையை ரன் செய்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, ஓட்டம் முழுவதும் அவருடையதாகிவிடுகிறது. ஓடியது நீர், சக்கரம், இழை, பிள்ளைகளின் கால். மொழிமீது குற்றமில்லை. இரண்டு வினைகள் ஒலியால் ஒன்றானபோது இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனாலும் அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம், யார் ஓடினார்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

குமாரபாளையத்திலும் சோமனூரிலும் 'தறி ஓடுது' என்பார்கள். 'என்ன பண்றீங்க?' என்று கேட்டால், 'தறி ஓட்டறேன்' என்று பதில் வரும். சொல்பவர் தறிக்குச் சொந்தக்காரராக இருக்கவேண்டியதில்லை. கூலிக்கு நெய்பவரும் அப்படித்தான் சொல்வார். ஓட்டுவது தன் கை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சொந்தக்காரரைப் பற்றிப் பேசும்போது, 'அவருக்குப் பத்துத் தறி ஓடுது' என்பார்கள். அந்த நான்காம் வேற்றுமையில் இருக்கும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

*

நகராதவையும் ஓடுகின்றன. சாலை கடற்கரை ஓரமாக ஓடுகிறது, வேலி தோட்டத்தைச் சுற்றி ஓடுகிறது, ஒப்பந்தம் ஐந்தாண்டு ஓடுகிறது. கண் ஓடுவதை இடத்தின்மேலும் நாள் ஓடுவதைத் தாளின்மேலும் ஏற்றிச் சொல்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' நாடகம் லண்டனில் 1952 நவம்பரில் ஓடத் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அரங்குகள் மூடப்படும் வரை விடாமல் ஓடியது. நம் ஊரில் படம் நூறு நாள் ஓடியது என்போமே, அதே பொருள். ஆஸ்திரேலியாவில் ஆடு மேயும் பரந்த நிலத்துக்கும் 'ரன்' என்று பெயர். கோழிகள் உலவக் கம்பிவலை அடித்த இடத்துக்கும் அதே பெயர்.

*

அமெரிக்காவில் தேர்தலில் 'ஓடுகிறார்கள்'. பிரிட்டனில் 'நிற்கிறார்கள்'. நாமும் நிற்கிறோம், 'எங்க தொகுதியில யாரு நிக்கிறா?'

1896இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ரயிலிலேயே சுமார் 18,000 மைல் சுற்றிப் பேசினார். எதிர்த்துப் போட்டியிட்ட வில்லியம் மெக்கின்லி ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தன் வீட்டு முகப்பைவிட்டு அசையவில்லை. மக்களை ரயிலேற்றி அவரிடம் அழைத்துவந்தார்கள். திண்ணையில் நின்றபடியே அவர்களிடம் பேசினார். இருவரையும் ஓடியவர்கள் என்றே ஆங்கிலம் சொல்லும். வென்றவர் மெக்கின்லி.

*

வங்கியில் ஏற்படும் 'ரன்' பற்றி நிதானமாக எழுதவேண்டும். வங்கி திவாலாகப்போகிறது என்று அஞ்சி எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க விரைவதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வழங்குகிறது.

2007 செப்டம்பர் 14 அன்று பிரிட்டனில் நார்தர்ன் ராக் என்ற வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் கூடினார்கள். இங்கிலாந்து வங்கியிடம் அது அவசர உதவி கேட்டிருக்கும் செய்தி முந்தின இரவே வெளிவந்திருந்தது. படங்களில் முதியவர்களே நிறையத் தெரிகிறார்கள். மடக்கு நாற்காலி, செய்தித்தாள், கையில் கணக்குப் புத்தகம். யாரும் ஓடவில்லை. வரிசையில் ஒழுங்காக, மணிக்கணக்கில் நின்றார்கள். போட்ட பணத்துக்கு அரசு பொறுப்பு என்று நிதியமைச்சர் 17ஆம் தேதி அறிவித்த பிறகே வரிசைகள் கரைந்தன. அடுத்த பிப்ரவரியில் வங்கி அரசுடைமையானது.

ஏன் இது நடக்கிறது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் டக்ளஸ் டைமண்டும் ஃபிலிப் டிப்விக்கும் 1983இல் எழுதிய கட்டுரை விளக்கியது. 2022இல் பென் பெர்னான்கி என்ற மற்றொரு அறிஞருடன் சேர்த்து அவர்களுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. கேட்டதும் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கி பணம் வாங்குகிறது. அதையே இருபது, முப்பது ஆண்டுகளில் திரும்பும் வீட்டுக்கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால், நல்ல வங்கியிடமும் கையில் பணம் இருக்காது. மற்றவர்கள் எடுக்கமாட்டார்கள் என்று நம்பினால் நான் சும்மா இருப்பதே சரி. எடுப்பார்கள் என்று நினைத்தால் முதல் ஆளாகப் போவதே சரி. வரிசையில் நிற்கும் எவரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவருடைய தெளிவான புத்தியும் சேர்ந்துதான் வங்கியைக் கவிழ்க்கிறது.

இங்கே ஓடுவது எது? பயம் என்று சொல்லலாம். பணம் என்றும் சொல்லலாம். 645 பொருள்களில் எனக்கு மிகவும் நெருடுவது இதுதான். அதை அகராதி எந்தப் பிரிவில் வைத்தாலும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த முகங்கள் அதற்குள் அடங்குவதில்லை.

*

ஒருசொல் பல பொருள் தருவதை நம் இலக்கணமும் முன்பே கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியலில் 'கடி' என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்கள் வரிசையாக வருகின்றன: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. போதாதென்று ஐயம், கரிப்பு என்று இரண்டை அடுத்த நூற்பா சேர்க்கிறது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினொன்றாம் தொகுதி முழுவதும் ஒருசொல் பல்பொருள்தான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பொருள்களைக் காலவரிசைப்படி வைக்கிறது. எது முதலில் எழுத்தில் தோன்றியது, எதிலிருந்து எது கிளைத்தது என்று காட்டுகிறது. வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் குத்துவாள் வடிவில் ஒரு குறி இருக்கும். ஆகவே 645இல் இறந்தவர்களும் உண்டு. தொல்காப்பியர் வயதைக் கேட்காமல் பத்தையும் சம பந்தியில் உட்காரவைக்கிறார். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. 'கடி'யின் பத்தில் எது மூத்தது என்று அறிய ஆசை. 'ரன்'னின் 645ஐ ஒரு வெண்பாவுக்குள் பார்க்கவும் ஆசை.

'கடி'யின் பொருள்களில் பெரும்பாலானவை இன்று பேச்சில் இல்லை. கடிமணம், கடிநகர் என்று எழுத்தில் ஒதுங்கிவிட்டன. இன்று நம் வாயில் இருப்பது பல்லால் கடிக்கும் 'கடி'. உரியியல் பேசுவது அதைப் பற்றி அன்று. பொருள்கள் வந்து சேர்வதைப்போலவே போய்விடவும் செய்கின்றன. அவ்வளவு பொருளையும் ஏற்றிய பழைய சமூகம் அந்தச் சொல்லை எந்தெந்த இடத்தில் நின்று பேசியது என்று கேட்டால் பதில் பாட்டுகளில்தான் இருக்கிறது.

*

கிரிக்கெட்டின் 'ரன்' முதலில் உண்மையாகவே ஓடுவதாக இருந்தது. இரண்டு ஸ்டம்புகளுக்கும் நடுவே 22 கெஜம். ஓடி முடித்தால் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு எண்ணினார். அதனால் 'வெட்டு' என்றே அதற்கு ஒரு பெயர் இருந்தது. இன்று பந்து எல்லையைத் தாண்டினால் ஓடாமலே நான்கு, பறந்து தாண்டினால் ஆறு. ஓட்டம் ஓர் எண்ணாகிவிட்டது.

தமிழுக்கு இந்தச் சொல் வந்தது அந்த எண்ணாகத்தான். 'ரன் எடுத்தான்', 'ரெண்டு ரன் ஓடினான்' என்று தெருவில் விளையாடும் பையன்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். ஓட்டம் என்று பொருள்படும் சொல்லோடு ஓடு என்ற வினை சேர்வதில் அவர்களுக்கு நெருடல் இல்லை, இருக்கவும் வேண்டாம். தமிழில் 'ரன்' ஓட்டமாக இல்லை, கணக்காக இருக்கிறது. அந்நியச் சொல் ஒன்று இன்னொரு மொழிக்குள் வரும்போது தன் குடும்பத்தை அழைத்துவருவதில்லை. 645இல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறது. அதன் உறவுகள் தனித்தனியே, வேறு வழிகளில் வந்து சேர்கின்றன. விமான நிலையத்தின் ரன்வே ஒரு வழி. 'வண்டி ரன்னிங் கண்டிஷன்ல இருக்கு' என்று பழைய வண்டி விற்பவர் சொல்வது ஒரு வழி. 'ரன்னிங்ல ஏறாதப்பா' என்று நடத்துனர் அதட்டுவது மற்றொரு வழி. இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பேசும்போது யாரும் நினைப்பதில்லை.

*

1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி, தன் நினைவகத்திலேயே சேமித்து வைத்த நிரலை முதன்முதலாக இயக்கியது. டாம் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள். 2,62,144 என்ற எண்ணின் மிகப் பெரிய வகுத்தியை, அந்த எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சோதித்துக் கண்டுபிடிப்பது வேலை. 52 நிமிடம் ஓடி 1,31,072 என்று சரியான விடையைக் கொடுத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கதிர்க்குழாயின் திரையில் மாறிய ஒளிப்புள்ளிகள். தண்ணீர் இல்லை, சக்கரம் இல்லை, குதிரை இல்லை. ஆங்கிலம் தயங்காமல் அதையும் 'ரன்' என்றது. நிரல் தானே 'ரன்' ஆகிறது. அதை ஒருவர் 'ரன்' செய்கிறார். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே வினை.

சென்னை சிறுசேரி, தரமணி அலுவலகங்களில் இன்று வேலைசெய்யும் பிள்ளைகள் நிரலை 'ஓடு', 'ஓட்டு' என்று அதிகம் சொல்வதில்லை. 'கோடு ரன் ஆகுதா?' என்று கேட்கிறார்கள். 'இன்னொரு தடவை ரன் பண்ணு' என்கிறார்கள். கலப்புத்தமிழ் என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் கவனிக்காத ஒன்று அதில் நடந்திருக்கிறது. 'ஆகுது' என்றால் தானே ஓடுகிறது. 'பண்ணு' என்றால் ஒருவர் ஓட்டுகிறார். 'இர்னன்', 'ஏர்னன்' என்று பழைய ஆங்கிலத்தில் பிரிந்து நின்று பிறகு ஒன்றாகிவிட்ட இரண்டு வினைகளை, அந்தச் சரித்திரம் எதுவும் தெரியாமலே, ஒரு தமிழ்ப் பிள்ளை தன் இலக்கணத்தால் மறுபடி பிரித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.